வேலை, வீடு, வருகைப் பதிவேடு

கிடர்பூரிலும் சுற்றுப்பக்கத்திலும் வசிக்கும் நம்மவர்களில் பலர், முப்பது வயதுக்கு மேல் மீண்டும் படிக்க வேண்டும் என்று விசாரிக்கிறார்கள். பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள் என்பார் ஒருவர். கல்யாணத்தோடு நின்றுபோன பி.ஏ.வை முடிக்க வேண்டும், பிள்ளைகள் இனி பெரியவர்கள் என்பார் ஒரு சகோதரி. எல்லோருக்கும் முதலில் வரும் கவலை பாடம் கடினமாக இருக்குமோ என்பது. அது உண்மையில் இரண்டாவது கவலைதான். நடுவயது மாணவர்களைப் பெரும்பாலும் கவிழ்ப்பது வருகைப் பதிவேடு. அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதினால் சிலருக்காவது பயன்படும் என்று தோன்றியது.

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் மாணவர்களை மூன்று வகையாகப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். நடந்த வகுப்புகளில் 75 சதவீதமும் அதற்கு மேலும் வந்தவர் 'காலேஜியேட்'. 60க்கு மேல், 75க்குக் கீழ் என்றால் 'நான் காலேஜியேட்'; கூடுதல் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். 60க்கும் கீழே போனால் 'டிஸ்காலேஜியேட்'. தேர்வு எழுத முடியாது, அந்தப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டியதுதான். நம் ஊர்ப்பக்கம் 'ஷார்ட்டேஜ்', 'கண்டோனேஷன்' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்தச் சொற்கள் புதிதாக இருக்கும். கல்லூரி அறிவிப்புப் பலகையில் தம் பெயருக்கு எதிரே 'டி.சி.' என்று கண்டு, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடப் போகிறார்கள் என்று பயந்த ஒருவரை எனக்குத் தெரியும். அது டிஸ்காலேஜியேட்டின் சுருக்கம் என்று தெரிந்தபோது அவருக்கு ஆறுதலாக ஒன்றும் இல்லை.

2018ல் பி.ஏ., பி.எஸ்ஸி. வகுப்புகளுக்குப் பருவத் தேர்வு முறை வந்தபோது இந்தப் பதிவேட்டின் செல்வாக்கு இன்னும் கூடியது. ஒரு தாளின் நூறு மதிப்பெண்ணில் பத்து, வருகைக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2023லிருந்து புதிய நான்காண்டுத் திட்டம் நடக்கிறது. ஒவ்வொரு திட்டத்திலும் சில்லறை விதிகள் மாறும் என்பதால், சேரும் ஆண்டின் விதிப் புத்தகத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படிப்பது அவசியம். போன வருஷம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதை நம்பக் கூடாது.

மாலைக் கல்லூரியில் சேர்ந்தால் வருகை விதி தளர்வாக இருக்கும் என்பது நம்மவர்களிடையே பரவியிருக்கும் ஒரு எண்ணம். அப்படி எதுவும் இல்லை. மாலைக் கல்லூரி மாணவரும் 'ரெகுலர்' மாணவரே. அதே 75, அதே 60. நேரம் மட்டுமே வேறு.

ஆனால் அந்த நேர வேறுபாட்டை இந்த நகரம் போல் பயன்படுத்திக்கொண்ட ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை. ஹாஸ்ராவில் ஒரே வளாகத்தில் மூன்று கல்லூரிகள் இயங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் பெண்களுக்கான ஜோகமாயா தேவி கல்லூரி, பகலில் அசுதோஷ் கல்லூரி, மாலையில் சியாமபிரசாத் கல்லூரி. 1916ல் தொடங்கிய அசுதோஷ் கல்லூரியில் 1932ல் பெண்களுக்குக் காலைப் பிரிவு வைத்தார்கள். வீட்டில் சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கும் பெண், ஆண்களின் ஆபீஸ் நேரத்துக்கு முன்பே வகுப்பை முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்ற வசதி. சியால்தா பக்கம் சுரேந்திரநாத் கல்லூரிகளும், வடக்கே வித்யாசாகர், சிட்டி கல்லூரிக் குடும்பங்களும் இதே போலக் காலை, பகல், மாலை என்று கிளை பிரிந்தவை. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களின் இளைஞர்கள் பகலில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு இரவில் பி.காம். படித்தது இத்தகைய இடங்களில்தான். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று மெயில் வண்டி ஏறி வந்து, கிளைவ் தெருக் கம்பெனிகளில் அமர்ந்த நம் முன்னோர்களில் சிலரும் அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்களே.

மாலை என்று பெயர் இருந்தாலும் முதல் வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கு அலுவலகம் விட்டு நாலரை மணி வகுப்புக்குப் போக யாராலும் முடியாது. கிடர்பூர்வாசிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கப்பல் வரும்போது துறைமுகப் பாலம் தூக்கப்பட்டால் கார்டன் ரீச் பக்கமிருந்து வருகிற பஸ் அப்படியே நிற்கும். எஸ்பிளனேடுக்கு மைதானத்து வழியாகப் போய்க்கொண்டிருந்த 36ஆம் எண் டிராமும் 2020 ஆம்பன் புயலுக்குப் பின் ஓடவில்லை. வரைபடத்தில் ஹாஸ்ரா பக்கத்தில் இருப்பதாகத் தெரியும். அலிப்பூர் வழியாக மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால்தான் தூரம் புரியும். கிடர்பூரிலேயே 1965ல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் வகுப்பு என்பது பெரிய பெயருள்ள கல்லூரியை விட மதிப்புள்ளது என்பது என் கருத்து. குறிப்பாகப் பெண்களுக்கு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பருவத்தில் ஏறத்தாழ 90 நாள் வகுப்பு நடப்பதாக வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்றால் 68 நாள் வர வேண்டும். 22 நாள் தவறலாம். 22 என்பது தாராளமாகத் தோன்றும். ஆனால் நம் போன்ற குடும்பங்களுக்கு ஊர்ப்பயணம் என்று ஒன்று இருக்கிறதே! சென்னைக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல். அங்கிருந்து திருநெல்வேலிப் பக்கம் போக இன்னொரு இரவு. போக வர நாலு நாள் வண்டியிலேயே கழியும். இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தால் 12 வேலை நாள் போயிற்று. மீதி 10 நாளில் காய்ச்சல், பிள்ளையின் பரீட்சை, மாமியாரின் ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. அது பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வருகையை மொத்தமாகப் பார்க்கிறார்களா, பாடவாரியாகப் பார்க்கிறார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாடவாரியாக என்றால் கணக்கே வேறு. ஒரு தாளுக்கு வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று வகுப்பு, 15 வாரத்தில் 45 வகுப்பு என்று கொள்வோம். இரண்டு வாரம் ஊருக்குப் போனவர் இழப்பது 6 வகுப்பு. அவருக்கு 87 சதவீதம் நிற்கிறது. ஊருக்கே போகாமல், ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலுவலகத்தில் வாரக் கணக்கு முடிக்க நேரமாகி அந்த ஒரு வகுப்பை விடுபவர் 15 வகுப்பை இழக்கிறார். அவருக்கு 67 சதவீதம்தான். வெள்ளிக்கிழமை 'ஒரு வகுப்புதானே' என்று விட்டவர் நான் காலேஜியேட் பட்டியலில் இருப்பார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தவர் காலேஜியேட்டாக இருப்பார். ஆகவே சேரும் முன் வகுப்பு அட்டவணையை வாங்கி, உங்கள் ஷிப்டு அட்டவணையோடு பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வாரமும் தவறாமல் மோதும் நேரம் எது என்று பாருங்கள். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் சுழற்சி ஷிப்டில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். மூன்று வாரத்தில் ஒரு வாரம் மாலை ஷிப்டு என்றால் மாலைக் கல்லூரியில் 67 சதவீதத்துக்கு மேல் எப்படியும் வராது. கட்டணம் கட்டி எழுதலாம் என்று துணியலாம். அதன்பின் ஒரு வாரம் படுத்துவிட்டால் 60ஐ நெருங்கிவிடும்.

ஊர்ப்பயணத்துக்கு ஒரு யோசனை. நம் பஞ்சாங்கமும் வங்காளத்துக் கல்லூரிப் பஞ்சாங்கமும் ஒத்துப்போவதில்லை. துர்கா பூஜையை ஒட்டி இங்கே நீண்ட விடுமுறை. நமக்கோ தை, பங்குனி, சித்திரை, ஆடி என்று கொடையும் கல்யாணமும். படிக்கும் வருஷங்களில் மட்டும் ஊர்ப்பயணத்தைப் பூஜை விடுமுறைக்கு மாற்றிக்கொள்ள வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பெரியவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். "நவராத்திரிக்கே வந்துட்டோம் அத்தை, கொலு பார்க்கணும்னுதான்" என்று ஒரு மருமகள் சொல்லிச் சமாளித்ததாகக் கேள்வி.

வேலை பார்ப்பவர்கள் செய்ய வேண்டிய இன்னொன்று, அலுவலகத்தின் எழுத்து மூலமான அனுமதி. 'பொடோபாபு வாயால் சரி என்றார்' என்பது பத்து வருஷம் கழித்து, அவர் ஓய்வு பெற்ற பின், எதற்கும் உதவாது. அரசு, பொதுத்துறை வேலையில் இருப்பவர் முன் அனுமதி இல்லாமல் பகல் நேர ரெகுலர் பட்டம் வாங்கிப் பதவி உயர்வுக்குக் காட்டினால், அதே நேரத்தில் அலுவலகப் பதிவேட்டிலும் கையெழுத்து இருக்கிறதே, எப்படி என்று கேட்பார்கள். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பதிவேட்டில் இருக்க முடியாது. 'ப்ராக்ஸி' கொடுக்க நண்பர்கள் கிடைப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

வகுப்புக்குப் போகாமலே படிக்க வழியில்லையா என்றால், அதுவும் பழைய வழிதான். லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே கல்லூரி வருகை இல்லாதவர்களுக்கும் தேர்வைத் திறந்துவிட்டது. அந்த வழியில் பட்டம் பெற்ற தமிழர்களில் நாம் அறிந்த பெரியவர் விபுலானந்த அடிகள். துறவியாகும் முன், மயில்வாகனனார் என்ற பெயரில் இலங்கையில் ஆசிரியராக இருந்தவர். 1916ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும், 1920ல் லண்டன் பி.எஸ்ஸி. தேர்விலும் தேறினார். இந்தியாவிலோ 1857ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் அதே லண்டனைப் பார்த்துத்தான் அமைந்தன. ஆனால் கல்லூரியில் படித்த சான்று வேண்டும் என்ற நிபந்தனை இங்கே ஊன்றி நின்றுவிட்டது. 1962ல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வி தொடங்கிய பிறகே கதவு திறந்தது. மதுரை, சென்னை, அண்ணாமலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில் அனுப்பிய பழுப்புக் கவர்கள் இந்த ஊர்த் தமிழ் வீடுகளுக்கும் வந்ததுண்டு.

அந்தக் கவர்களை நினைத்துக்கொண்டு இப்போது விசாரிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநில எல்லைக்கு வெளியே மையம் வைத்துத் தொலைநிலைக் கல்வி நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2013ல் கண்டிப்பாக அறிவித்தது. 'அண்ணாமலை சென்டர்' என்று இங்கே யாராவது பலகை மாட்டியிருந்தால் பணம் கட்டுமுன் இருமுறை விசாரியுங்கள். கொல்கத்தாவில் இருப்பவருக்கு நேரான வழிகள் இரண்டு. ஒன்று, 1985ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதன் மண்டல மையம் சால்ட் லேக்கில் விகாஷ் பவனில் உள்ளது. மற்றது 1997ல் மேற்கு வங்க அரசு அமைத்த நேதாஜி சுபாஷ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். முன்னதில் பி.ஏ.வை மூன்று ஆண்டிலும் முடிக்கலாம், ஆறு ஆண்டு வரையிலும் இழுக்கலாம். நமக்கு வேண்டியது இந்த ஆறுதான்! வகுப்பு வருகைக்குக் கட்டாயம் இல்லை; ஆனால் ஒப்படைப்புகளை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். அவற்றுக்கு நூற்றுக்கு முப்பது எடை. விஞ்ஞானப் பாடம் எடுத்தால் செய்முறை வகுப்புக்கு நேரில் போக வேண்டும்.

தொலைநிலைப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022ல் மீண்டும் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் படிகளைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பும் இல்லை, இளங்கலையும் இல்லை, நேரே எம்.ஏ. என்று ஒரு காலத்தில் விளம்பரங்கள் வந்தன. முதல் பட்டம் இல்லாமல் இப்படித் திறந்தவெளி முறையில் வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009ல் தீர்ப்பளித்தது. அதை நம்பிப் பதவியில் இருந்தவர்களின் நிலை என்னாயிற்று என்று நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்போடு நின்ற சகோதரிகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டை முடித்து, பிறகு பட்டத்துக்கு வருவதே பத்திரம். இரண்டு வருஷம் கூடுதலாகும், ஆகட்டும்.

தனியாகப் படிப்பவர்களுக்குப் புத்தகமும் அமைதியும் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எழும். கிடர்பூர்காரர்கள் இந்த விஷயத்தில் பாக்கியசாலிகள். அலிப்பூர் பெல்வெடியரில் தேசிய நூலகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே தமிழுக்குத் தனிப்பிரிவு உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் நூல் தொகுப்பே அங்கேதான் இருக்கிறது. வாசகர் அட்டை வாங்கிக்கொண்டு ஞாயிறு சென்னைக்குப் போன் பேசும் நேரத்தை அங்கே கழித்தால் ஒப்படைப்பு எழுதி முடித்துவிடலாம். இந்த ஊரில் வேலையும் படிப்புமாக இருந்த நம்மவர்களில் தலையாயவர் சர் சி.வி. ராமன். 1907ல் நிதித்துறை அதிகாரியாக இங்கே வந்து, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் விஞ்ஞானச் சங்கத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917ல் பேராசிரியராக அழைக்கப்படும் வரை பத்தாண்டு அப்படியே ஓடியது. அவருக்கு யாரும் வருகைப் பதிவு எடுக்கவில்லை என்பதையும், வீட்டை லோகசுந்தரி அம்மாள் பார்த்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டையும் தானே பார்த்துக்கொண்டு படிக்கும் பெண்ணின் கதை வேறு.

அந்தக் கதையில் மிகவும் வேதனையான இடம் பிரசவம். டில்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த ஒரு மாணவி, கர்ப்பத்தினால் வகுப்புக்கு வர முடியாமல் வருகை குறைந்து, தேர்வு எழுத அனுமதி கேட்டு 2018ல் உயர் நீதிமன்றம் போனார், கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. வக்கீல் கவுன்சிலின் விதி 70 சதவீதம் கேட்கிறது, பிரசவத்துக்கென்று அதில் விலக்கில்லை என்பதே தடையாக நின்றது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் தாய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கும் அதே நாட்டில், படிக்கும் தாய்க்கு ஒன்றும் இல்லை. 2021 டிசம்பரில் மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதி, இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைச் சலுகை ஆகியவற்றுக்கு விதி வகுக்கச் சொன்னது. 2023ல் எம்.எட். மாணவி ஒருவரின் வழக்கில், படிப்பா பிள்ளையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது என்ற கருத்தில் டில்லி உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகப் பேசி, விடுப்பைக் கணக்கில் எடுத்து மீண்டும் பரிசீலிக்கும்படி உத்தரவிட்டது.

இதே டில்லியில், வருகைக் குறைவுக்காகத் தேர்விலிருந்து நிறுத்தப்பட்ட சட்ட மாணவர் ஒருவர் 2016ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை ஒட்டிய வழக்கில், வருகை குறைந்ததற்காகச் சட்ட மாணவர் யாரையும் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று 2025 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. அது சட்டக் கல்லூரிகளைப் பற்றியது, கிடர்பூரில் பி.ஏ. படிப்பவர் அதைக் காட்டி வாதாட முடியாது. ஆனால் மானியக் குழுவின் 2021 கடிதம் எல்லோருக்கும் பொது. அதைக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றுடன், பிரசவத்துக்கு முன்பே முதல்வருக்கு விண்ணப்பம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு முடிந்து வந்து கேட்டால் பட்டியல் ஒட்டியாகிவிட்டது என்பார்கள்.

பட்டம் முடித்து ஆசிரியை ஆக விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பி.எட். விஷயத்தில் 75ஐ மறந்துவிடுங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014ல் வகுத்த விதிகளில் வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளியில் பயிற்சி எடுக்கும் காலத்துக்கு 90 சதவீதம். இரண்டாம் ஆண்டில் அந்தப் பள்ளிப் பயிற்சி 16 வாரம். வாரம் ஆறு நாள் என்று கணக்கிட்டால் ஒன்பது நாளுக்கு மேல் தவறக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு சகோதரி அந்த 16 வாரத்தைக் காலண்டரில் சிவப்பு மையால் கட்டம் போட்டு, அதில் விழுகிற இரண்டு கல்யாணத்துக்கும் அண்ணனும் அண்ணியும்தான் வருவார்கள் என்று ஊருக்கு இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிட்டார்.